சுணை ஒட்டிய சட்டை

நம் வயல் பக்கம் அறுவடை மெஷின் இறங்கிவிட்டது. காற்றெல்லாம் புது வைக்கோல் வாசம். உங்கள் மகள் கயலுக்காக ஜன்னலையெல்லாம் சாத்தினேன். சாத்தி என்ன செய்ய, மேலே பட்டால் அரிக்கிற நெல் சுணை வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது, உங்கள் சட்டையில்.

கயலுக்கு முழங்கை மடிப்பில் கரப்பான் படை வந்தபோது ஊரே வைத்தியம் சொன்னது நினைவிருக்கிறதா? கத்தரிக்காய் கூடாது, கருவாடு ஆகவே ஆகாது. மூன்று வருஷம் நம் அடுப்பில் அதெல்லாம் ஏறவில்லை. நீங்களும் தொடவில்லை. "உங்களுக்கு என்ன வந்துச்சு, சாப்புடுங்க" என்றால், "புள்ள பாத்துக்கிட்டு இருக்கு, எனக்கு எப்படி எறங்கும்?" என்பீர்கள். கருவாட்டுக்குச் சொத்தையே எழுதிக் கொடுக்கிற ஆள் நீங்கள்!

தஞ்சாவூர் டாக்டரம்மாதான் திட்டினார். "சாப்பாட்ட ஏம்மா நிறுத்துனீங்க? புள்ள எளச்சுப் போச்சு." அவளுக்கு வறண்ட தோலாம். குளிப்பாட்டி, ஈரம் காய்வதற்குள் களிம்பு தடவ வேண்டும். தூசியும் சுணையும் பட்டால் அரிப்பு கிளம்பும், வயலிலிருந்து வருகிறவர் குளித்துவிட்டுத் தூக்கட்டும் என்றார். அன்றோடு கத்தரிக்காயை விட்டுவிட்டு உங்களைப் பிடித்துக்கொண்டேன்.

போன தையில், நெல்லை ஏற்றி அனுப்பிவிட்டு வாசலில் வந்து நின்றீர்கள். அவள் ஓடிவந்தாள். தூக்கக் குனிந்துவிட்டீர்கள். "குளிச்சிட்டு வாங்க, அப்பறம் தூக்குங்க!" என்று அடுப்படியிலிருந்து கத்தினேன்.

"உங்கம்மா போலீஸ்டி" என்று அவளிடம் சிரித்துவிட்டுக் குளிக்கப் போர்செட்டுக்குப் போனீர்கள். சட்டையைக் கழற்றி வைத்த இடத்திலேயே விழுந்து கிடந்தீர்களாம். நெஞ்சுவலி, அப்போதே உயிர் போய்விட்டது என்றார்கள். சட்டையை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். துவைக்காமல் பெட்டியில் வைத்தேன்.

இன்று காலை கயலின் கழுத்தும் கன்னமும் சிவந்து தடித்திருந்தன. தேடினால், அவள் தலையணை உறைக்குள் அந்தச் சட்டை. எனக்கு வந்த கோபத்தில் கையை ஓங்கிவிட்டேன். அவள் அழவில்லை.

"மருந்து தடவிக்கிட்டுத்தாம்மா கட்டிப்புடிச்சேன்" என்றாள்.

துவைத்துத்தான் ஆக வேண்டும். பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு, சட்டையை மடியில் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கை வரவில்லை. மருந்தைத் தடவிவிடுகிறேன், தூக்கிக்கொள்ளுங்கள் என்று அன்றைக்கு ஏன் எனக்குத் தோன்றவில்லை? இந்த ஏழு வயசுப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறதே.

ரெண்டு நாள் அரித்திருக்கும். அவ்வளவுதானேங்க.