ஞாயிறை மட்டும் எழுதவில்லை

பங்குனி 10, திங்கள்

காலையிலேயே சுட்டெரிக்கும் வெயில். கடைசி நெல்லும் காய்ந்து மூட்டையாகிவிட்டது. அடுத்த விதைப்புக்கான சிறுபோகக் கூட்டம் இன்னும் வைக்கவில்லை. வருஷத்தில் மூச்சுவிடக் கிடைப்பது இந்த இரண்டு வாரம்தான்.

மகள் வவுனியாவிலிருந்து ஃபோன். எனக்கும் இவருக்கும் ரயிலில் இடம் எடுத்துவிட்டாளாம். 20ஆம் திகதி கொழும்பு. பிறகு காலி. பிறகு கண்டி. தங்க அறைகூடச் சொல்லிவிட்டாளாம்.

"அம்மா, அங்க ஒருத்தரையும் பாக்கப் போகேல்லை. ஊர் பாக்கப் போறியள். விளங்குதோ?"

விளங்கியது, ஐம்பத்துநாலு வயதில். கொழும்புக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். தம்பியை வெளிநாட்டுக்கு ஏற்றிவிட ஒருமுறை, அம்மாவை ஆஸ்பத்திரியில் காட்ட ஒருமுறை. இரண்டு முறையும் கடலைக் காணவில்லை. இந்த முறை காண வேண்டும். காலை நனைக்க வேண்டும்.

ஒரே ஒரு தடை, இவர். இந்த வீட்டைக் கட்டிக் குடிபுகுந்து பன்னிரண்டு வருஷம். மனுஷன் ஓர் இரவு வெளியே தங்கியதில்லை. மகள் வீட்டுக்குப் போனாலும், சாப்பிட்ட கை காயமுன் கடைசி பஸ்ஸுக்கு ஓடுவார்.

நாளைக்குச் சொல்லலாம்.

பங்குனி 12, புதன்

சொல்லி ஒரு நாள் ஆகிறது. இதுவரை வந்த நொண்டிச்சாட்டுகள்: கோழி. நாய் ஜிம்மி. தண்ணீர் மோட்டர். கள்ளன். முழங்கால். (முழங்கால் நோ நேற்றுத்தான் பிறந்தது.)

"அப்ப வீட்டையும் டிராக்டரில ஏத்திக்கொண்டு போவமோ?" என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு மோட்டரைத் துடைக்கப் போனார்.

பின்னேரம் பக்கத்து வளவு பூமணி அக்கா வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"கோழியையும் ஜிம்மியையும் நான் பாக்கிறன், தம்பி. எப்ப திரும்பி வாறியள் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

இவர் காது கேட்காத மாதிரி வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

பூமணி அக்காவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சண்டையில் இடம்பெயர்ந்து போன அன்று இவர் வாசல் படலையில் நின்று, பட்டியில் கட்டாமல் விட்ட பசுவிடம் சொன்னார், "ரெண்டு நாளில வந்திடுவம்" என்று. வந்து சேர மூன்று வருஷம். பசு இல்லை. பழைய வீட்டின் அத்திவாரம் மட்டும் கிடந்தது. அன்றிலிருந்து எங்கே போனாலும் வரும் நேரத்தை வாயால் சொல்ல மாட்டார். கிளிநொச்சிச் சந்தைக்குப் போனாலும் "போட்டு வாறன்", அவ்வளவுதான்.

நான் பகிடி பண்ணியிருக்கக் கூடாது.

பங்குனி 15, சனி

டவுனுக்குப் போனேன். செருப்பு (பழையது வார் அறுந்தது), இவருக்கு ஒரு சேட், தலையிடிக் குளிசை. பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு இளம் பெட்டைகள்:

"காலிமுகத்திடலில இறால் வடை தின்னாமல் வந்தால் கொழும்பு போனதெண்டே சொல்லேலாது."

"ஓமடி, ஆனால் காத்துக்கு வடை பறந்திடும்."

குறித்துக்கொண்டேன்.

வந்து திட்டத்தைக் கொப்பியில் எழுதி இவருக்கு வாசித்துக் காட்டினேன்.

வியாழன்: கொழும்பு. பின்னேரம் கடற்கரை. இறால் வடை (இறுக்கிப் பிடிக்க வேண்டும்).
வெள்ளி: காலி. ரயிலில் வலப்பக்கம் இருக்க வேண்டும், கடல் தண்டவாளத்தை ஒட்டி வருமாம். கோட்டை மதில், வெளிச்சவீடு.
சனி: கண்டி. வாவியைச் சுற்றி நடை, இவரின் முழங்கால் சம்மதித்தால். பேராதனைப் பூங்கா.
ஞாயிறு:

"ஞாயிறை எழுத வேண்டாம்" என்றார்.

எழுதவில்லை. ஆனால் "வேண்டாம்" என்றது ஞாயிறுக்கு மட்டும்தானே! மற்ற மூன்று நாளுக்கும் வாய் திறக்கவில்லை. மனதுக்குள் துள்ளினேன். வெளியே காட்டவில்லை, காட்டினால் முழங்கால் திரும்ப வந்துவிடும்.

பங்குனி 17, திங்கள்

இவர் தானாகவே போய்த் தலைமயிர் வெட்டிக்கொண்டு வந்தார். மோட்டருக்கு உறை போட்டார். கோழிக்கூட்டுக்குப் புதுக் கொண்டி.

இரவுச் சாப்பாட்டில்: "கண்டியில குளிருமோ?"

"கொஞ்சம் குளிரும். ஸ்வெட்டர் வைக்கிறன்."

இன்றைக்கு இது போதும்.

பங்குனி 19, புதன்

பின்னேரம் பையை அடுக்கிவிட்டுக் குசினிக்குப் போனேன். பிட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டார்.

"இஞ்ச ஒருக்கா வாரும். இந்தப் பைக்குள்ள என்ன கல்லோ?"

திறந்து ஒவ்வொன்றாக வெளியே வைத்தார். என் சேலை இரண்டு, இவரின் சேட் மூன்று. அவற்றுக்குக் கீழே: காணி உறுதிப் பத்திரம். எல்லாருடைய பிறப்புச் சான்றிதழ்களும். எங்கள் கலியாணப் பதிவு. மகளின் பரீட்சைச் சான்றிதழ். பொலித்தீனில் சுற்றி ரப்பர் வளையம் போட்டபடி. அதற்கும் கீழே அரிசி, உப்பு, நெருப்புப்பெட்டி, கத்தி, சின்னச் சட்டி, கயிறு, கொட்டிலுக்கு மேலே போடும் தறப்பாள், மடித்தபடி.

நான்தான் வைத்தேன். சத்தியமாக யோசித்து வைக்கவில்லை. வீட்டைவிட்டு வெளிக்கிடப் பை அடுக்க வேண்டும் என்றதும் கை அந்த இடப்பெயர்வு நாளில் போலவே தன்பாட்டில் அடுக்கியிருக்கிறது. ஸ்வெட்டரை மறந்துவிட்டேன்.

இவர் தறப்பாளைத் தூக்கிப் பிடித்தார். "ஹோட்டல் அறைக்குள்ள கொட்டில் போடப் போறீரோ? என்னைப் பகிடி பண்ணினீர். வீட்டைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டது நீரெல்லோ!"

இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. வயிறு நொந்தது. எந்த இடத்தில் நான் அழத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. இத்தனை நாளும் பயம் இவருக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தாராம்.

பொலித்தீன் கட்டை எடுத்துக்கொண்டு போய் அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

"இது இஞ்சதான் இருக்கோணும். வந்து எடுப்பம்."

சட்டியும் அரிசியும் திரும்பக் குசினிக்கு. ஸ்வெட்டர் உள்ளே. பை இப்போது ஒற்றைக் கையில் தூக்கும் பாரம். பிட்டு மா இறுகிப் போச்சு, பாண் வாங்கிச் சாப்பிட்டோம்.

பங்குனி 20, வியாழன் (ரயிலில்)

எழுத்து ஆடுகிறது. மாங்குளம் தாண்டிவிட்டோம். பக்கத்தில் இவர், புதுச் சேட், யன்னலுக்கு வெளியே வெட்டின வயல்களை எண்ணுகிற மாதிரிப் பார்த்துக்கொண்டு.

விடிய ஓட்டோ வந்தது. பூமணி அக்கா படலைக்கு வந்து நின்றார். இந்த முறை திரும்பி வரும் நாளைக் கேட்கவில்லை. ஜிம்மிதான் இவரின் காலைச் சுற்றிக்கொண்டு விடவில்லை. இவர் குனிந்து அதன் தலையைத் தடவினார். நிமிரவில்லை. ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நீர் போட்டு வாரும்" என்று சொல்லிவிடுவாரோ என்று.

"ஞாயிறு பின்னேரம் வந்திடுவம், ஜிம்மி" என்றார்.

கொப்பியை இப்போது பின்னால் புரட்டி, விட்ட இடத்தை நிரப்பினேன்.

ஞாயிறு: வீடு.