வரலாறு படிக்கப் போகும் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

நேரில் சொன்னால் என் முகத்தைப் பார்த்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று அம்மா நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்துக்கே வந்துவிட்டாள். வரலாற்று எம்.ஏ.வுக்கு இடம் கிடைத்தும் உதவித்தொகை இல்லாததால் நீ போகப்போவதில்லையாம். "எனக்குச் சேத்த காசுல சின்னவ மறுபடி ஸ்கூலுக்குப் போகட்டும்மா" என்றாயாம்.

சூப்பர்வைசர் சிரித்தார். "இவளா? பேரைச் சொல்லவே ஒரு வாரம் ஆச்சே!"

நானும் சிரித்தேன். "எனக்குப் படிப்பு ஏறாதும்மா. வேலையே போதும்" என்றேன். அங்கேயே நிரந்தர வேலைக்குக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

துவைப்பதற்கு முன் சட்டைப் பைகளைத் துழாவிப் பார்ப்பதுதான் என் வேலை. அதில் கிடைக்கும் துண்டுக் காகிதங்களை வாசித்துவிட்டுத்தான் குப்பையில் போடுகிறேன். சும்மா, பொழுது போவதற்காக.

நீ போ அக்கா. "வரலாறு சோறு போடுமா?" என்று மாமா கேட்டால் கேட்கட்டும். அது போடுகிறவரைக்கும் நான் போடுகிறேன்.

ஒன்று மட்டும் செய். போகும்போது உன் புத்தகங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடு. என் பழைய பள்ளிக்கூடப் புத்தகங்களையும் சேர்த்துத்தான். வீட்டில் இருந்தால் தூசி சேரும். தூசி பட்டால் எனக்குக் கண்ணில் நீர் வரும்.

இப்படிக்கு,
நீ ஊமைக்கோட்டான் என்று கூப்பிடும் தங்கை