தாய்ரா எதிலும் கலந்துகொள்வதில்லை என்று அளந்ததை மறுபடி அளக்கக் கோரி

அனுப்புநர்
எவாரிஸ்தோ பெகேரோ,
கிரினோ கடைக்கு எதிர் வீடு,
பானி, தொமினிக்கன் குடியரசு.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
குழந்தைகள் மறுவாழ்வு மையம்.

பொருள்: பெருமூளை வாதமுள்ள என் தங்கை மகள் தாய்ரா (வயது ஒன்பது) அன்றாட வாழ்வில் "பங்கேற்பதே இல்லை" என்ற மதிப்பீட்டை ரத்து செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. குழந்தை வீட்டிலும் தெருவிலும் எதிலெல்லாம் கலந்துகொள்கிறாள் என்று அளக்கத் தங்கள் அலுவலர் போன மாதம் வந்திருந்தார். தங்கமான பெண். செய்த ஒரே தவறு, வரப்போவதை முன்கூட்டியே சொன்னது.

2. செய்தி கேட்டதும் என் தங்கை மிலெய்தி தரையைத் தேய்த்த தேய்ப்பில் பூமி ஒரு விரற்கடை மெலிந்தது. சக்கர நாற்காலியில் தாய்ராவுக்குத் தேவாலய உடை, தலையில் பருந்து அளவுக்கு ரிப்பன். கௌரவம் கருதி, டோமினோ ஆடும் மேசையை நான் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

3. "வீட்டு வேலையில உதவுவாளா?" என்று அலுவலர் கேட்டார். விருந்தாளி முன்னால் எங்கள் தெருத் தாய் எவளும் சொல்வதையே மிலெய்தியும் சொன்னாள்: "ஐயோ டாக்டரம்மா, என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! எம் பொண்ணு ஒரு துரும்பை அசைக்க மாட்டா. மகாராணி மாதிரி வச்சிருக்கேன்."

"கடைக்குப் போவாளா?"

"நான் உசுரோட இருக்கையில அவ எதுக்குப் போகணும்?"

ஒவ்வொரு பதிலும் தனக்கொரு பதக்கம் என்று அவள் நினைத்தாள். அலுவலரோ ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் போட்டார். மறுத்துப் பேசத் தாய்ரா வாயைத் திறந்தாள். அவளுக்குச் சொல் மெதுவாகத்தான் வரும். அது வந்து சேர்வதற்குள் தாயானவள் அந்த வாயில் ஒரு பப்பாளித் துண்டை வைத்துவிட்டாள்.

4. உண்மை நிலவரம் வருமாறு. சமையலுக்குத் துவரை உரிப்பவள் தாய்ரா. பாதி பானைக்கும் பாதி தரைக்கும் போவதால் எங்கள் கோழிகள் கன்றுக்குட்டி அளவுக்குப் பெருத்துள்ளன. கிரினோ கடை வாசல் டோமினோவில் அவள் என் ஜோடி. முழங்கையால் காயைத் தள்ளி அறைந்தால் கடலில் மீன் திடுக்கிடும். "டேய் எவாரிஸ்தோ, மருமகளை வீட்டுல விட்டுட்டு வாடா, நாங்களும் ஒருநாள் ஜெயிச்சுப் பாக்கறோம்" என்று கிரினோவே கெஞ்சியிருக்கிறார். போன மின்சாரம் திரும்பும்போது தெருவோடு சேர்ந்து அவளும் "வந்துருச்சு!" என்று கத்துவாள். கத்தி முடிப்பதற்குள் சில நாள் மறுபடி போய்விடும். அது மின்சாரத்தின் குறை, அவளுடையதல்ல.

5. மேற்படி பூஜ்யங்களைக் காட்டித் தெருமுனைப் பள்ளி அவளைச் சேர்க்க மறுக்கிறது. தலைநகர் விடுதிக்கு அனுப்பச் சொல்கிறது. "எம் வாயாலேயே அவள அனுப்பிட்டேனே அண்ணா" என்கிறாள் மிலெய்தி. இப்போதெல்லாம் பானையடியில் முறுகிப் பிடித்த ருசியான சோற்றுக்குக்கூட எங்கள் வீட்டில் யாரும் முன்போல் சண்டை போடுவதில்லை.

6. ஆகவே, அதே அலுவலரை ஒரு சனிக்கிழமை மாலை சொல்லாமல் கொள்ளாமல் அனுப்பி, தாய்ராவையே கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்து அளக்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். டோமினோவில் எதிரணியில் அவருக்கு இடமுண்டு. மிலெய்தியின் வாயில் பப்பாளி வைக்கும் பொறுப்பு என்னுடையது.

இடம்: பானி
நாள்: 9 பிப்ரவரி 2019

தங்கள் உண்மையுள்ள,
எவாரிஸ்தோ பெகேரோ

குறிப்பு: என் பெயரை மூழ்கடித்து, காகிதத்தைத் தாண்டி மேசைவரை போயிருக்கும் கையெழுத்து தாய்ராவுடையது. பேனாவை யாரும் பிடித்துக் கொடுக்கவில்லை.