சன்னல் கம்பிக்குள் நீட்டிய விரல்

அக்கா, நேற்று இரவு எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கு யானைக்கால் புழு பார்க்க இரத்தம் எடுக்கிற ஆட்கள் வந்தார்கள். பஞ்சில் நனைத்த ஸ்பிரிட் மணம் வந்ததுதான் தாமதம், என் நித்திரை போய்விட்டது. நீ இல்லாமல் போன பிறகும் அந்த மணம் உன்னைக் கொண்டுவந்து வெள்ளவத்தை வீட்டு அறைச் சன்னலுக்குப் பின்னால் நிறுத்திவிடும். விடியும்வரை கட்டிலுக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. வெள்ளவத்தை வாய்க்கால் ஓரத்து வீடுகளில் யானைக்கால் நோய் என்று கொழும்பெல்லாம் கதை. கொட்டாஞ்சேனையிலிருந்து உன்னைப் பெண்கேட்டு வந்தவர்கள் நேரே சொல்லிவிட்டார்கள்: "வெள்ளவத்தைப் பொம்பிளையோ? முதலிலை இரத்தம் பாருங்கோ, பிறகு கதைப்பம்."

இரத்தம் எடுக்கிறவர் லாம்பும் கண்ணாடித் துண்டுகளுமாக இரவில்தான் வந்தார். "இந்தப் புழு பகலிலை உள்ளுக்குப் போய் ஒளிச்சிடும் அம்மா. ராவிலைதான் இரத்தத்திலை ஓடித் திரியும்" என்றார். அப்பாவின் தமக்கை, பெரிய மாமி, வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"குமர்ப்பிள்ளையின்ரை கையை ராவிலை அந்நிய ஆம்பிளை பிடிக்கிறதோ? அந்தா நாய் நிக்குது, வேணுமெண்டா அதைக் குத்தும்!"

அவர் சிரிக்கவில்லை. "நாயையும் பாக்கத்தான் வந்தனான்" என்று எங்கள் நாய் வீமனின் காதில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார். அந்த நேரம் பார்த்து நீ சன்னல் கம்பிக்குள்ளால் மோதிர விரலை நீட்டினாய். "மாமி வரமுன்னம் கெதியாக் குத்துங்கோ" என்றாய். ஊசி படுமுன் மாமி உள்ளே ஓடி வந்து உன் பின்னலைப் பிடித்து இழுத்தாள். கம்பியில் அடிபட்டு உன் வளையல் நொறுங்கியது. மாமி செத்து எவ்வளவு காலம். நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மறுநாள் பட்டப்பகலில் மாமியே உன்னைப் பம்பலப்பிட்டி டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போய்க் குத்துவித்தாள். புழு இல்லை. கலியாணம் நிச்சயமானது. வீமனில்தான் புழு. "இது நாய்ப் புழு, ஆக்களுக்கு வாறது வேறை" என்று இரவில் வந்த அந்த மனிதர் எத்தனை தரம் சொன்னார்! யார் கேட்டது? மாமி வீமனை வத்தளைக்குப் போகிற வண்டியில் ஏற்றிவிட்டாள். வண்டி மறையும்வரை அது உன்னைப் பார்த்துத்தான் குரைத்தது.

கலியாணம் முடிந்து கொஞ்சக் காலத்தில் உனக்குக் குளிர்காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. இடது கால் வீங்கியது. கொட்டாஞ்சேனைக்காரர் இரவில் குத்திப் பார்த்தார்கள். புழு இருந்தது. "மறைச்சுக் கட்டி வைச்சிட்டாங்கள்" என்று உன்னைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு அவர்கள் உன்னை எட்டியும் பார்க்கவில்லை.

மாமி அப்போதும் அடங்கவில்லை. "எல்லாம் அந்த நாய் தந்தது" என்றாள். நீ காலைத் தலையணையில் தூக்கி வைத்தபடி சொன்னாய்: "வீமனையும் பகலிலை குத்துவிச்சிருந்தா, அதுவும் நல்ல பேரோடை வீட்டிலை நிண்டிருக்கும் மாமி."



நேற்றும் ஒழுங்கையில் முதல் ஆளாக நான்தான் போய் நின்றேன். மோதிர விரலைக் கொடுத்தேன். குத்தி முடிய மற்றக் கையையும் நீட்டினேன்.

"ஒண்டு காணும் ஆச்சி, போதும்."

"இது என்ரை அக்காவுக்கு. ராவிலைதான் குத்த வேணும். குத்து ராசா."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு குத்தினான். அந்த விரல் இன்னும் கடுக்கிறது, அக்கா.