அவரவர் பல்லுக்கு அவரவர் கவசம்

அனுப்புநர்:
தலைவி, மகளிர் ரக்பி அணி,
சாவிக்கடை, பேருந்து நிலையம் எதிரில்.

பெறுநர்:
விளையாட்டு அலுவலர் அவர்கள்,
நகர விளையாட்டரங்கம்.

பொருள்: பல்கவசங்களைக் கிடங்கில் ஒப்படைக்கும் விதியிலிருந்து விலக்கு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தோள் மெத்தை, காதை மூடும் தொப்பி, அடியில் குமிழ் வைத்த காலணி, பல்கவசம் எல்லாம் கேட்ட உடனே வழங்கினீர்கள். நன்றி. காலணி அளவுகூடச் சரியாக இருந்தது. அதை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை.

2. ஆட்டம் முடிந்ததும் அனைத்தையும் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. தொப்பியைப் பற்றித் தகராறு இல்லை. யார் போட்டாலும் காது காதுதான். பல்கவசம் அப்படியல்ல. வெந்நீரில் இளக்கிக் கடித்தால், கடித்தவரின் பல்வரிசை அதில் அப்படியே பதிந்துவிடும். பிறகு அது அடுத்தவர் வாயில் உட்காராது.

3. கிடங்குப் பொறுப்பாளர் தங்கமான மனிதர். கவசங்களைச் சோப்பு போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, அடுத்த ஆட்டத்துக்குக் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுக்கிறார். எல்லாம் ஒரே நீல நிறம். பெயர் எழுதி வைத்தோம். பொதுச் சொத்தில் எழுதக்கூடாது என்று தேய்த்து அழித்துவிட்டார். முறையிட்டபோது, "விளையாட்டுச் சாமான்னா எல்லாருக்கும் பொதுதாம்மா. பந்தை யாராவது வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்களா?" என்றார். கவசங்களை அவரிடமே ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்தோம்.

4. அரையிறுதியில் என் நாத்தனாரின் கவசம் எனக்கும், என்னுடையது அவருக்கும் வந்திருக்கிறது. சரியாக உட்காரவில்லைதான்; யாருடையது என்பது ஆட்டம் முடிந்த பிறகே தெரிந்தது. ஒரே வீட்டில் இருந்தும் சோப்பைக்கூடத் தனித்தனியாக வைத்திருப்பவர்கள் நாங்கள் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ரொட்டிக்கடையில் மாவு மூட்டை தூக்கும் அவர்தான் முன்வரிசையில் எங்கள் புல்டோசர். என் கவசம் அவர் வாயிலிருந்து நழுவி விழுந்த நேரம் பார்த்து எதிரணியின் முழங்கை வந்து சேர்ந்தது. முன்பல் பாதி போயிற்று. ஆட்டத்தில் வென்றோம்.

5. நாத்தனார் சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். இப்போது கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை, ஐயா. சொந்தக் கவசம் இல்லாமல் மகளை அனுப்ப மாட்டேன் என்கிறார் என் மாமியார். கவசம் இல்லாமல் நடுவரும் களத்தில் விடமாட்டார். ஞாயிறன்று இறுதிப் போட்டி. புல்டோசர் இல்லையென்றால் எதிரணி எங்களைத் தள்ளிக்கொண்டு வேலிவரை போய்விடும்.

6. ஆகவே, இருக்கும் பல்லுக்கு ஏற்ப அவர் கடித்துக்கொள்ளப் புதிய கவசம் ஒன்றும், அவரவர் கவசத்தை அவரவரே வைத்துக்கொள்ள அனுமதியும் ஞாயிறுக்குள் அளிக்க வேண்டுகிறேன். கோப்பையோடு அவரை அழைத்து வருகிறேன்; கையை எடுத்துவிட்டு அவர் சிரிப்பதைத் தாங்களே கேட்கலாம்.

இடம்: சாவிக்கடை
நாள்: வியாழக்கிழமை

பணிவுடன்,
(ஒப்பம்)
அணித் தலைவி

இணைப்பு: களத்தில் விழுந்த என் பல்கவசம் (நன்கு கழுவியது). இன்னும் சந்தேகம் இருந்தால் தாங்கள் ஒருமுறை வாயில் வைத்துப் பார்க்கலாம். பார்த்த பின் தயவுசெய்து கிடங்கில் ஒப்படைத்துவிட வேண்டாம்.