பெண் பார்த்த அன்று வந்த மண்புழுக்கள்

சேந்தமங்கலம்
18.11.1984

அன்பு மகன் வேலுமணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை சௌந்திரம், எருமை, அப்பாவின் மண்புழுக்கள் எல்லோரும் சுகம். ராஜஸ்தான் வெயிலில் ரிக் வண்டியோடு அலைகிறாயே, உன் சுகத்தை எழுது சாமி, போட்ட போர்க்கிணற்றில் தண்ணீர் வந்ததா வெறும் புழுதிதானா என்பதையும் எழுது.

மண்புழு என்றதும் திகைக்காதே. ஆடி மாதம் விவசாயக் கூட்டத்துக்குப் போன உன் அப்பா ஒரு கொட்டாங்குச்சி நிறையப் புழுவோடு திரும்பினார். மீந்த சோற்றையும் காய்த்தோலையும் தின்று உரமாக்கித் தருமாம். பழைய தேயிலைப் பெட்டியில் சாணமும் தென்னை நாரும் போட்டு, குளுமையாக இருக்கட்டும் என்று ஆசாரத்தில், வந்தவர்கள் உட்காரும் பெஞ்சுக்கு அடியிலேயே குடிவைத்துவிட்டார். அதோடு விட்டாரா, உப்பும் புளியும் காரமும் புழுவுக்கு ஆகாது என்று எங்கள் சாப்பாட்டிலும் நிறுத்திவிட்டார். "ஏனுங்க, மீந்ததைத்தானே அதுங்க திங்குது" என்று கேட்டால், "எது மிஞ்சும்னு ஆக்கறப்பவே உனக்குத் தெரியுமா" என்கிறார். மூன்று மாதம் சப்பென்று தின்றோம். சௌந்திரமும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டு தினமும் பெட்டியைக் கிளறிப் பார்த்து, குட்டி போட்டிருக்கிறது என்று சந்தோஷப்படுவாள்.

போன மாதம் பள்ளிபாளையத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். தறி வைத்திருக்கிற குடும்பம், மாப்பிள்ளை பெயர் குழந்தைவேல். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போனது உனக்குத் தெரியும். அன்று காலையிலும் உன் அப்பா பலகாரத்தில் உப்புப் போடக் கூடாது என்று நிற்க, எனக்கு வந்த ஆத்திரத்தில் முறுக்குக்கு உப்பையும் போட்டு, எலுமிச்சை ஊறுகாய்ச் சாற்றை இரண்டு கரண்டி அந்தப் பெட்டியில் ஊற்றிவிட்டேன். இதை அவரிடம் சொல்லிவிடாதே.

வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து முறுக்கைத் தின்று காப்பியை வாயில் வைக்கும்போது புழுக்கள் அத்தனையும் வெளியே வந்துவிட்டன. மாப்பிள்ளையின் அம்மா பெருமாயி பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டார். அவர் வீட்டுக்காரர் குனிந்து பார்த்து, "இவங்களும் பொண்ணு ஊட்டுக்காரங்களுங்களா" என்று கேட்டார். உன் அப்பாவோ பெருமையாக, விருந்தாளியைப் பார்க்க வந்திருக்கின்றன என்றார். சௌந்திரம் தட்டத்தை வைத்துவிட்டு முறத்தை எடுத்து, "காலைத் தூக்குங்க, மிதிச்சுப் போடாதீங்க" என்று மாப்பிள்ளையின் அப்பாவையே அதட்டினாள். மாப்பிள்ளை மண்டி போட்டுப் பொறுக்க வந்தார். "முறுக்குத் தின்ன உப்புக் கைங்க, கழுவிட்டுத் தொடுங்க" என்றாள். அவரும் போய்க் கழுவிவிட்டு வந்தார் சாமி. இருவரும் பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு பொறுக்கியதைப் பார்த்து எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

எனக்கு இந்தப் பெண்தான் வேண்டும் என்று மாப்பிள்ளை அங்கேயே சொல்லிவிட்டார். பெருமாயி பெஞ்சை விட்டு இறங்காமலே, "புள்ள வரட்டும், அந்தப் பொட்டி வரக் கூடாது" என்றார். சௌந்திரம், "அப்ப நானும் வரலீங்க" என்றாள். பதினெட்டு நாள் ஒரு சேதியும் இல்லை. நான் உன் அப்பாவோடு பேசவில்லை, ஊற்றியது நான் என்பதால் திட்டவும் முடியவில்லை. சௌந்திரம் பெட்டிக்குப் புதுச் சாணம் போட்டுக்கொண்டிருந்தாள்.

நேற்று பெருமாயியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. தை மாதம் முகூர்த்தம் பார்க்கச் சொல்லிவிட்டு, கடைசியில் நுணுக்கி எழுதியிருக்கிறார், பெட்டியை வெயிலில் வைப்பதா நிழலில் வைப்பதா என்று.

நீ தைக்கு முன்பே லீவு சொல்லி வந்துவிடு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. அண்ணன்மார் சாமி உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மா
கண்ணாத்தாள்