காலை எடுத்தேனா?

புரட்டாசி, ஞாயிறு இரவு. புழுக்கம்.

காலையில் இவர் எங்கள் பழைய காருக்கு, எஞ்சினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து விடும் கார்புரேட்டர் இரண்டு மாட்டி முடித்தார். காற்றிலேயே ஆறுகிற எஞ்சின் அது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இரண்டு கார்புரேட்டரையும் சேர்த்துத் திறக்கும் கம்பியை இழுத்துக் காட்டி, "விட்டதும் பட்டுனு திரும்புது பாரு மெர்சி" என்றார். முதலில் நான்தான் ஓட்டுவேன் என்று கிளம்பினேன்.

பரவை மார்க்கெட் பக்கம் கூட்டம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வேகம் குறையவில்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டே சாவியைத் திருப்பி அணைத்தேன். தக்காளிக் கூடைகளுக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. கூடைக்கார அம்மா, "ஏத்தா, கண்ணு எங்கத்தா இருக்கு?" என்று கத்தினாள்.

போன் செய்ததும் இவர் பைக்கில் வந்தார். அதற்குள் எஞ்சின் ஆறிவிட்டது. கம்பி ஒழுங்காகத்தான் திரும்பியது.

"பதட்டத்துல நீதான் மிதிச்சிருப்ப."

"இல்லங்க, காலை எடுத்துட்டேன்."

சாப்பிடும்போதும் அதையே சொன்னார். கடைசியில், "இருக்கலாம்" என்றேன்.

சாயங்காலம் அவரே அலங்காநல்லூர் வரை ஓட்டிவிட்டு வந்தார். முகம் வெளிறியிருந்தது. "சூடேறினா எஞ்சின் விரியுது. கம்பி இறுகி மாட்டிக்கிருது. உன் மேல தப்பில்ல" என்று சொல்லி, கம்பியைக் கழற்றி வைத்தார்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் கண்ணை மூடினால் என் கால் ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டிருப்பதுதான் தெரிகிறது. காலை எடுத்தது ஞாபகத்திலேயே இல்லை. காலையில் இருந்த அந்த ஞாபகம் எங்கே போனது? இவரைக் கேட்கலாம் என்றால் தூங்கிவிட்டார்.